641601-க்குப் போய்க்கொண்டே இருந்த பட்டுக்கோட்டைப் பார்சல்

திருப்பூரில் இருந்து பட்டுக்கோட்டைக்கு ஒரு பார்சல் கிளம்பியது. பச்சைக் குழந்தைக்கான ஜபலா செட், ஒரு துண்டு, தொப்பி, காலுறை. பணம் யூபிஐ-யில் முன்னாடியே வந்துவிட்டது. ஈரோடு, கரூர், திருச்சி, தஞ்சாவூர் என்று போகிற வழக்கமான பாதைதான். ஆனால் டிராக்கிங் பக்கத்தில் அந்தப் பார்சல் திருப்பூர், திருச்சி, மறுபடி திருப்பூர், மறுபடி திருச்சி என்று அலைந்துகொண்டிருந்தது. இடையிடையே 'மிஸ்ரூட்', அதாவது பாதை மாறிப் போனது, என்று ஒரு வரி.

விற்றவர் என் அண்ணி. துணி எடுத்து, ஒரு பவர் டேபிளில் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு தையல் கூடம்) கொடுத்துத் தைத்து வாங்கி, செக்கிங், அயர்னிங் எல்லாம் வீட்டிலேயே முடித்து, இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸப்பிலும் குழந்தைத் துணி விற்கிறார். திருப்பூரில் இந்த மாதிரி வீட்டு வியாபாரம் தெருவுக்கு ஒன்று இருக்கும். லேபிள் எடுப்பது, பில் சரிபார்ப்பது, டிராக்கிங் பார்ப்பது என் வேலை. கூரியர் ஒரு தனியார் நிறுவனம். பெயர் இங்கே தேவையில்லை. எந்தக் கூரியராக இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும், காரணம் கீழே.

வாடிக்கையாளர் வாட்ஸப்பில் தந்த முகவரியில் கதவு எண், தெரு, பட்டுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டம் எல்லாம் சரி. பின்கோடு மட்டும் 641601. பட்டுக்கோட்டையின் எண் 614601. ஒன்றும் நான்கும் இடம் மாறிவிட்டன. எண் தவறாக இருந்தால் சாஃப்ட்வேர் சிவப்பாகக் காட்டுமே என்று நினைக்கலாம். காட்டாது. 641601 என்பதும் உண்மையான எண்தான். அது திருப்பூர் தலைமை அஞ்சலகத்தின் எண். துணி கிளம்பிய ஊருக்கே துணி போக வேண்டும் என்று லேபிள் சொன்னது.

இப்படி ஒரு பொருத்தம் அமைவது அபூர்வம் என்று நினைத்துத்தான் தமிழ்நாட்டுப் பின்கோடுகளை உட்கார்ந்து பார்த்தேன். அபூர்வமே இல்லை. மன்னார்குடி 614001, கோயம்புத்தூர் 641001. திண்டுக்கல் 624001, பொள்ளாச்சி 642001. தூத்துக்குடி 628001, கொச்சி 682001. நாமக்கல் 637001, கோழிக்கோடு 673001. எல்லாமே இரண்டு இலக்கம் இடம் மாறினால் போதும், ஊரே மாறிவிடும். பெரிய ஊர்களின் தலைமை அஞ்சலகத்துக்கு 001 என்று முடியும் எண்ணைக் கொடுப்பது வழக்கம் என்பதால் கடைசி மூன்று இலக்கமும் கச்சிதமாகப் பொருந்திவிடுகின்றன. தஞ்சாவூர்ப் பக்கம் 613, காஞ்சிபுரத்துப் பக்கம் 631. ராமநாதபுரத்துப் பக்கம் 623, வேலூர்ப் பக்கம் 632. பட்டுப் புடவை விற்கிறவர்கள் தஞ்சாவூர், காஞ்சிபுரம் ஜோடியைக் கவனித்துக்கொள்ளலாம்.

பின்கோட்டில் இல்லாத ஒரு இலக்கம்

பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல். தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலராக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் உருவாக்கியது. ஒரே பெயரில் பல ஊர், முகவரியைப் பல மொழியில் எழுதும் வழக்கம், புரியாத கையெழுத்து என்று கடிதம் பிரிக்கிறவர்கள் பட்ட பாட்டுக்கு அது விடை. முதல் இலக்கம் மண்டலம். 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு. இரண்டாவது உள்மண்டலம். மூன்றாவதோடு சேர்த்தால் கடிதம் பிரிப்பதற்கான எந்த மாவட்டம் என்று தெரியும். கடைசி மூன்றும் அஞ்சலகம்.

1972-ல் அந்த எண்ணைப் படித்தது மனிதக் கண். எண்ணில் தவறு இருந்தாலும் பக்கத்திலேயே ஊர்ப் பெயர் இருக்கும். பிரிக்கிறவர் இரண்டையும் பார்த்து முடிவெடுப்பார். அதனால் எண்ணுக்குள்ளேயே ஒரு பாதுகாப்பு வைக்க வேண்டிய தேவை யாருக்கும் தோன்றியிருக்காது.

அந்தப் பாதுகாப்பு எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம் ஸ்பீட் போஸ்ட் ரசீதிலேயே இருக்கிறது. அதில் வரும் 13 எழுத்து டிராக்கிங் எண் உலக அஞ்சல் ஒன்றியத்தின் எஸ்10 தரப்படி அமைந்தது: முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, பிறகு எட்டு இலக்கம், ஒன்பதாவதாக ஒரு சரிபார்ப்பு இலக்கம், கடைசியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. எட்டு இலக்கத்தையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையை 11-ஆல் வகுத்து, மீதியை 11-இலிருந்து கழித்தால் ஒன்பதாவது இலக்கம். (10 வந்தால் 0, 11 வந்தால் 5 என்று வைத்துக்கொள்வார்கள்.) 47312482 என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 200, மீதி 2, எனவே சரிபார்ப்பு இலக்கம் 9. யாராவது முதல் இரண்டை மாற்றி 74312482 என்று அடித்தால் கூட்டுத்தொகை 206, மீதி 8, வர வேண்டிய இலக்கம் 3. கையில் இருப்பதோ 9. கம்ப்யூட்டர் உடனே மறுத்துவிடும்.

பின்கோட்டில் இந்த ஏற்பாடு கிடையாது. பார்சலின் அடையாள எண்ணைத் தப்பாக அடித்தால் பெரும்பாலும் உடனே பிடிபட்டுவிடும். அது போக வேண்டிய ஊரின் எண்ணை எப்படி வேண்டுமானாலும் அடிக்கலாம். இப்போது பிரிப்பதும் பார்கோடு ஸ்கேனர் என்பதால் பக்கத்தில் இருக்கும் ஊர்ப் பெயரை யாரும் வாசிப்பதில்லை. அதாவது, பெரும்பாலும் வாசிப்பதில்லை. எங்கள் பார்சலின் சிக்கலே அதை இடையில் சிலர் வாசித்ததால்தான் பெரிதானது.

ஊசலாட்டம் எப்படி நடந்தது

கூரியர் புக் செய்யும் தளத்தில் பின்கோடு அடித்தவுடன் ஊரும் மாநிலமும் தானாக நிரம்பிவிடும். எங்கள் லேபிளில் தெரு, பட்டுக்கோட்டை என்று ஒரு வரி. அதற்குக் கீழே தடித்த எழுத்தில் திருப்பூர், தமிழ்நாடு, 641601.

பிக்கப் முடிந்து திருப்பூர் ஹப்புக்கு, அதாவது பார்சல் பிரிக்கும் மையத்துக்கு, போனது. ஸ்கேன் செய்தார்கள். 'உள்ளூர்' என்று வந்தது, டெலிவரி பையனிடம் போய்விட்டது. அவர் வாடிக்கையாளருக்கு போன் போட்டு, "பட்டுக்கோட்டைங்கறது எந்த ஏரியாங்க, அவிநாசி ரோடா, தாராபுரம் ரோடா?" என்று கேட்டிருக்கிறார். அவர் குழம்பி, "அண்ணே, நான் பட்டுக்கோட்டையிலயே இருக்கேன்" என்று சொல்ல, 'முகவரி தவறு' என்று பதிவு செய்து ஹப்பில் திரும்ப வைத்துவிட்டார். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து ஹப்பில் ஒருவர் லேபிளைப் படித்தார். பட்டுக்கோட்டை என்று இருப்பதைப் பார்த்து, பாவம் என்று நினைத்து, திருச்சிப் பையில் போட்டுவிட்டார். நல்ல மனசுதான். ஆனால் கம்ப்யூட்டரில் போக வேண்டிய எண் அப்படியே 641601. திருச்சியில் பையைப் பிரித்து ஸ்கேன் செய்தபோது, "இது திருப்பூர்ப் பார்சல், இங்கே எப்படி வந்தது?" என்று மெஷின் கேட்டு 'மிஸ்ரூட்' என்று குறித்துத் திருப்பூருக்கு அனுப்பியது. திருப்பூரில் மறுபடி ஒரு மனிதக் கண். மறுபடி திருச்சிப் பை. ஆள் திருத்தியதை மெஷின் அழித்தது, மெஷின் திருத்தியதை ஆள் அழித்தார். இரண்டு பேரும் தங்கள் கையில் இருந்த தகவலின்படி சரியாகவே நடந்துகொண்டார்கள்.

நான் நேரில் ஹப்புக்குப் போனபோது அங்கிருந்த சூப்பர்வைசர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "ஆள் படிச்சா பட்டுக்கோட்டைங்க தம்பி, மெஷின் படிச்சா திருப்பூருங்க. ரெண்டுல ஒண்ணு மாறுற வரைக்கும் இது சுத்திட்டேதான் இருக்கும்."

எண்ணை மாற்ற முடியுமா என்று கேட்டேன். இந்தக் கூரியரில் புக்கிங் முடிந்த பிறகு போன் நம்பரையும் அடையாளக் குறிப்பையும் மாற்றலாம், பின்கோட்டை மாற்ற முடியாது. கட்டணமே அந்த எண்ணை வைத்துக் கணக்கிடப்படுவதால் அப்படி ஒரு கட்டுப்பாடு. ஒரே வழி ஆர்டிஓ, அதாவது அனுப்பியவருக்கே திருப்புவது. இதில் ஒரு வேடிக்கை: திரும்ப வேண்டிய ஊரும் திருப்பூர்தான். அதனால் ஆர்டிஓ போட்டதும் ஆளும் மெஷினும் ஒருவழியாக ஒத்துப்போனார்கள். பார்சல் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தது.

காத்திருப்பதா, மறுபடி அனுப்புவதா

வாடிக்கையாளருக்கு அது எதுவும் பிரச்சினை இல்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அக்கா, ஞாயித்துக்கிழமை பேர் வைக்கிற விசேஷம். அதுக்குள்ள வந்துருமா?"

இந்த இடத்தில்தான் சின்ன விற்பனையாளர்கள் தடுமாறுவார்கள். டிராக்கிங்கில் பார்சல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நாளைக்கு சரியாகிவிடும் என்று தோன்றும். அண்ணி தடுமாறவில்லை. "கவலைப்படாத கண்ணு, வேற செட்டு இன்னைக்கே ஸ்பீட் போஸ்ட்ல போட்டுடறேன். பழையது உன்கிட்ட வந்தா வாங்காம திருப்பி விட்டுரு" என்று சொல்லிவிட்டு எனக்கு லேபிள் எழுதச் சொன்னார். அது விசேஷத்துக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்தது.

அவர் வியாபார அனுபவத்தில் செய்ததற்கு ஒரு தெளிவான காரணம் இருக்கிறது. மிஸ்ரூட் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அதில் இரண்டு வகை. ஒன்று, எண் சரி, பை தவறியது. திருவாரூருக்குப் போகும் பை திருவள்ளூர் வண்டியில் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி நெருக்கடியில் இது சாதாரணம். பை பையாக ஏறும். அந்தப் பைக்குள் இருக்கும் எல்லாப் பார்சலும் ஊர் மாறிப் போகும், ஆனால் முதல் ஸ்கேனிலேயே மெஷின் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பும். தாமதம் ஆகுமே தவிர, தானாகச் சரியாகும். இதற்குக் காத்திருக்கலாம்.

இரண்டாவது வகையில் எண்ணே தவறு. இது தானாக ஒருபோதும் சரியாகாது, ஏனென்றால் கூரியரின் கணக்குப்படி அங்கே தவறே நடக்கவில்லை. எத்தனை புகார் கொடுத்தாலும், 'உங்கள் பார்சல் சரியான பாதையில் உள்ளது' என்ற பதில்தான் வரும். அது பொய்யும் இல்லை.

இரண்டையும் பிரித்தறிவது சுலபம். டிராக்கிங்கில் தவறான ஊர் ஒருமுறை வந்து, அடுத்த ஸ்கேன் சரியான திசையில் இருந்தால் முதல் வகை. அதே இரண்டு ஊர் மாறி மாறி வந்தால் இரண்டாவது. அப்போது செய்ய வேண்டியது லேபிளின் நகலை எடுத்துப் பின்கோட்டை ஒவ்வொரு இலக்கமாகப் படிப்பது. கஸ்டமர் கேருக்கு போன் போடுவது அதற்குப் பிறகு.

எங்களுக்கு இதைவிட முந்தைய தடயம் ஒன்று இருந்தது: கூரியர் கட்டணம். கட்டணத்தை மண்டலமாகப் பிரித்திருப்பார்கள்: ஒரே ஊருக்குள், மாநிலத்துக்குள் அல்லது பக்கத்தில், பெருநகரங்களுக்கு இடையே, மற்ற ஊர்கள், வடகிழக்கு மற்றும் காஷ்மீர் என்று. பட்டுக்கோட்டைப் பார்சலுக்கு ஊருக்குள் கட்டணம் பிடித்திருந்தார்கள். வழக்கத்தைவிடக் கட்டணம் கூடினால் உடனே சண்டைக்குப் போகிறோம் (எடைத் தகராறுதான் பெரும்பாலும், நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000-ஆல் வகுத்து ஒரு கிலோக் கணக்குக் காட்டுவார்கள்). குறைந்தால் யார் கேட்கிறோம்?

பணம் யார் பொறுப்பு

கூரியர் நிறுவனம் இரண்டு பக்கக் கட்டணத்தையும் எடுத்துக்கொண்டது. பின்கோடு நாங்கள் கொடுத்தது என்பதால் வாதாட வழியில்லை. வாடிக்கையாளரிடம் கேட்டிருக்கலாம், அண்ணி கேட்கவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 39, விற்பவர் சரக்கை அனுப்பி வைக்க வேண்டிய விற்பனையில், அதை வண்டிக்காரரிடம் (இங்கே கூரியர்) ஒப்படைத்தாலே வாங்குபவரிடம் ஒப்படைத்ததாக முதல் நோக்கில் கொள்ளலாம் என்கிறது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அதே பிரிவு, வண்டிக்காரரோடு நியாயமான ஏற்பாடு செய்வது விற்பவரின் கடமை என்றும் சொல்கிறது. முகவரி ஒன்று, எண் ஒன்று என்று அச்சடித்துக் கொடுத்ததை நியாயமான ஏற்பாடு என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? அதோடு, பெரிய தளங்களில் விற்கிறவர்களுக்கு அந்தத் தளத்தின் விதிதான் நடைமுறைச் சட்டம். பொருள் கிடைக்கவில்லை என்று வாங்கியவர் சொன்னால் பணம் முதலில் விற்றவர் கணக்கில் இருந்து போகும், விசாரணை பிறகு.

அஞ்சல் துறையிடமும் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. 1898-ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டத்தின் 6-வது பிரிவு, தொலைவது, தவறான இடத்தில் கொடுப்பது, தாமதம், சேதம் எதற்கும் அரசு தானாக ஒப்புக்கொண்ட அளவுக்கு மேல் பொறுப்பில்லை என்றது. அதன் இடத்தில் 2024 ஜூன் 18 முதல் அமலில் இருக்கும் 2023-ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டமும் 10-வது பிரிவில் ஏறக்குறைய அதையே சொல்கிறது. ஸ்பீட் போஸ்ட் தொலைந்தால் கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது என்பது நெடுங்காலமாக இருந்துவரும் விதி. நஷ்ட ஈட்டை நம்பி ஜபலா விற்க முடியாது.

ஆகக் கணக்கு எளிது. இரண்டாவது செட்டின் அடக்க விலையும் ஸ்பீட் போஸ்ட் கட்டணமும் சேர்ந்தாலும், குழந்தை பிறந்த வீட்டில் இருந்து அடுத்தடுத்து வரப்போகும் ஆர்டர்களுக்கு முன்னால் சின்னத் தொகை. திரும்பி வந்த துணி கெடாதது, வேறு ஒருவருக்கு விற்றுவிட்டோம். அதுவே பட்டுப் புடவை என்றாலோ, கேக் என்றாலோ அண்ணியின் முடிவு வேறாக இருந்திருக்க வேண்டும். சிஓடி, அதாவது பொருள் கைக்கு வந்ததும் பணம், என்றால் இன்னும் மோசம்: தாமதமான பார்சலை வாங்க மறுக்க வாடிக்கையாளருக்கு எந்தத் தயக்கமும் இருக்காது, இரண்டு பக்கக் கட்டணமும் விற்றவர் தலையில்.

இப்போது செய்வது

முகவரியை ஒரே செய்தியாக வாங்குவதை நிறுத்திவிட்டோம். பின்கோட்டைத் தனியாகக் கேட்டு, அதைத் தளத்தில் அடித்து, வரும் ஊர்ப் பெயரை வாடிக்கையாளருக்கே திருப்பி அனுப்புகிறோம்: "உங்க பின்கோடுக்கு திருப்பூர்னு காட்டுதுங்க, சரிங்களா?" பட்டுக்கோட்டைக்காரர் இதற்குச் சரி என்று சொல்லமாட்டார். எண்ணை மட்டும் திருப்பி அனுப்பி "சரியா?" என்று கேட்டால் பாதிப் பேர் படிக்காமலே சரி என்று சொல்லிவிடுகிறார்கள்; ஊர்ப் பெயரைக் கேட்டால்தான் கண் நிற்கிறது.

இதை முழுக்க சாஃப்ட்வேரிடம் விட முயன்றதில் பாதிதான் வெற்றி. மாநிலம் மாறும் தவறுகளை அது பிடித்துவிடும். 60 முதல் 64 வரை தொடங்குபவை பெரும்பாலும் தமிழ்நாடு, 67 முதல் 69 வரை கேரளம். எனவே தூத்துக்குடி என்று எழுதி 682001 போட்டால் கேரளம் என்று காட்டி நிற்கும். மாநிலத்துக்குள்ளேயே மாறுவது, அதாவது மன்னார்குடி கோவையாவது, திண்டுக்கல் பொள்ளாச்சியாவது, அதற்குத் தெரியாது. மாவட்டத்தை ஒப்பிடச் சொன்னால் நல்ல முகவரிக்கெல்லாம் சிவப்பு விளக்கு எரிகிறது. பின்கோடு எல்லை வேறு, மாவட்ட எல்லை வேறு. அதிலும் திருப்பூர் 2009-லும் திருப்பத்தூர் 2019-லும் தனி மாவட்டமானவை, பல பட்டியல்களில் இன்னும் பழைய மாவட்டமே கிடக்கிறது. திருப்பத்தூர் என்றதும் இன்னொன்று: 635601 ஒரு திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டத்தில் 630211 இன்னொரு திருப்பத்தூர். ஆலங்குடியும் புதுக்கோட்டையில் ஒன்று, திருவாரூரில் ஒன்று. கொளத்தூர் சென்னையிலும் உண்டு, மேட்டூர்ப் பக்கமும் உண்டு. இவற்றுக்கு ஊர்ப் பெயர் கேட்பதால் பயனில்லை, மாவட்டமும் சேர்த்துக் கேட்க வேண்டும். இந்த ஊர்களின் பட்டியலும் இலக்கம் மாறும் ஜோடிகளின் பட்டியலும் பேக்கிங் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது.

திருப்பூருக்கே உரிய இன்னொரு ஆபத்து அட்டைப் பெட்டி. எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் இருந்து வரும் பழைய பெட்டி மலிவு, உறுதி. ஆனால் நாலு பக்கமும் யாருடையதோ பார்கோடு. ஸ்கேனருக்கு எது கண்ணில் படுகிறதோ அதைப் படிக்கும், இல்லையென்றால் எதையும் படிக்காமல் ஓரமாக ஒதுக்கிவிடும். கறுப்பு மார்க்கரால் கோடு போட்டால் போதாது, கிழித்து எடுக்க வேண்டும் அல்லது பெட்டியை உள்பக்கம் வெளியே வரும்படி மடித்து ஒட்ட வேண்டும். லேபிள் மேல் பளபள டேப் ஒட்டுவதும் கூடாது, மடிப்பில் ஒட்டுவதும் கூடாது. பார்சலுக்குள் முகவரியும் போன் நம்பரும் எழுதிய சீட்டு ஒன்று கட்டாயம். வெளி லேபிள் கிழிந்துபோனால் அந்தச் சீட்டு ஒன்றுதான் கதி.

2025 மே மாதம் அஞ்சல் துறை டிஜிபின் என்ற பத்து எழுத்துக் குறியீட்டை வெளியிட்டது. ஐஐடி ஹைதராபாத்தும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து உருவாக்கியது. நாட்டை ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. வீடு தேடி அலையும் டெலிவரி பையனுக்கு நிச்சயம் உதவும். ஆனால் பை பிரிப்பது இன்றும் பின்கோட்டை வைத்துத்தான் என்பதால் எங்கள் மாதிரிக் குழப்பத்துக்கு இது மருந்து இல்லை. வாடிக்கையாளர்களிடம் கேட்டுப் பார்த்தோம். கூகுள் மேப் லொகேஷன் அனுப்புகிறார்கள், அதுவே போதுமாக இருக்கிறது.

பட்டுக்கோட்டைக்காரர் அதற்குப் பிறகு அக்கா மகளுக்கு ஒரு செட் ஆர்டர் போட்டார். முகவரி ஒரத்தநாடு. பின்கோடு கேட்டதற்கு, "இருங்க அக்கா, ஆதார் கார்டைப் பார்த்துச் சொல்றேன்" என்றார்.